மரத்துக்கு எது நெருக்கம்: மரத்திலா, மரபா?

மரம், மரத்தில், மரபு. இந்த மூன்றில் முதல் சொல்லுக்கு நெருக்கமானது எது என்று கேட்டால் நாலாம் வகுப்புப் பிள்ளைகூட யோசிக்காது. மரத்தில் என்பதும் மரம்தான். உருபு சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. மரபு வேறு சொல். இதே கேள்வியைக் கணினிக்குப் புரிகிற கணக்காக மாற்றி, கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு சொல்லையும் ஈரெழுத்துத் துண்டுகளாக வெட்டிக்கொள்வோம். மரம் என்பதில் "மர", "ரம்" என்று 2 துண்டுகள். மரத்தில் என்பதில் "மர", "ரத்", "த்தி", "தில்" என்று 4. மரபு என்பதில் "மர", "ரபு" என்று 2. இரண்டு சொற்களுக்கும் பொதுவான துண்டுகள் எத்தனை என்று எண்ணி, இரண்டிலும் சேர்த்து உள்ள வெவ்வேறு துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒப்புமை கிடைக்கும். மரம், மரத்தில் ஜோடிக்குப் பொதுவானது 1, மொத்தம் 5. விடை 0.2. மரம், மரபு ஜோடிக்குப் பொதுவானது 1, மொத்தம் 3. விடை 0.33. ஆக, கணக்கின்படி மரத்துக்கு நெருக்கம் மரபுதான்.

கணக்கில் பிழை ஏதும் இல்லை. நாம் எதை எண்ணச் சொன்னோமோ அதை அது சரியாக எண்ணியது. தேடுபொறிகளின் உள்ளே இருக்கும் ஒப்புமைச் சூத்திரங்கள் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்தச் சின்னக் கணக்கு போதும் என்று நினைக்கிறேன். "ஒன்றுபோல இருப்பது" என்பது இரண்டு பொருள்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு எண் கிடையாது. எதை எண்ணுவது, எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது, எந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று யாரோ ஒருவர் எடுத்த முடிவு அது. அந்த முடிவு எந்த மொழியை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம்.

மேலே போட்ட கணக்குக்கு ஜக்கார் கெழு என்று பெயர். போல் ஜக்கார் சுவிட்சர்லாந்துக்காரர், தாவரவியலாளர். 1901-ல் அவர் இதை எழுதியபோது ஆவணங்களைப் பற்றியெல்லாம் நினைக்கவில்லை. ஆல்ப்ஸ் மலையின் இரண்டு பகுதிகளில் வளரும் செடி வகைகளை ஒப்பிட, இரண்டிலும் காணப்படும் வகைகள் எத்தனை, ஒன்றிலாவது காணப்படும் வகைகள் எத்தனை என்று பார்த்தார். செடிகளுக்குப் பதில் சொற்களை வைத்தால் அது அப்படியே ஆவண ஒப்புமை ஆகிவிடுகிறது. ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பது அதில் கணக்கே இல்லை. இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். மலைச்சரிவில் ஒரு செடி பத்து இடத்தில் முளைத்தாலும் பட்டியலில் ஒரு வரிதான்.

இந்த எளிய அளவிலேயே ஒரு சிக்கல் தலைகாட்டுகிறது. ஒரு கட்டுரையில் வெவ்வேறு சொற்கள் 700 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு குறள் முழுதாக மேற்கோளாக வருகிறது. குறளில் 7 சீர். ஒவ்வொரு சீரையும் ஒரு சொல்லாக எண்ணினால் அந்த ஏழும் கட்டுரையில் இருக்கின்றன. ஜக்கார் கணக்கில் 7-ஐ 700-ஆல் வகுத்து 0.01. கிட்டத்தட்டத் தொடர்பே இல்லை என்கிறது. ஆனால் "இந்தக் குறளில் எவ்வளவு பங்கு அந்தக் கட்டுரைக்குள் இருக்கிறது?" என்று கேள்வியைத் திருப்பினால் 7-ஐ 7-ஆல் வகுத்து 1. முழுவதும் இருக்கிறது. இரண்டு விடையும் சரி. கேள்விதான் வேறு.

ஆண்ட்ரே ப்ரோடர் 1997-ல் இந்த இரண்டையும் பிரித்து, ஒத்திருத்தல் என்றும் உள்ளடங்கியிருத்தல் என்றும் தனித்தனியாக வரையறுத்தார். அவர் அப்போது ஆல்டாவிஸ்டா தேடுபொறியை நடத்திய குழுமத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். வலையில் ஒரே பக்கம் பல இடங்களில் நகலெடுக்கப்பட்டுக் கிடந்தது. தேடினால் அதே பக்கம் திரும்பத் திரும்ப வந்து நின்றது. சுமார் 3 கோடிப் பக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்கு அவர் கண்ட வழி எனக்கு மிகப் பிடித்த ஒன்று. இரண்டு பக்கங்களின் துண்டுகளையும், பொதுவானதை ஒருமுறை மட்டும், ஒரே பையில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். அது இரண்டு பக்கத்திலும் உள்ள துண்டாக இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? ஜக்கார் கெழு எவ்வளவோ அவ்வளவு. எனவே ஒரே மாதிரியான குலுக்கலை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகச் செய்து, முதலில் வரும் துண்டை மட்டும் குறித்துவைத்தால் போதும். 100 குலுக்கலில் இரண்டு பக்கங்களுக்கும் எத்தனை முறை அதே துண்டு முதலில் வந்தது என்று பார்த்தால் ஒப்புமை கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். முழுப் பக்கத்தையும் வைத்துக்கொள்ள வேண்டாம், 100 எண்கள் போதும்.

"மகன் அப்பாவைப் போலவே இருக்கிறான்" என்று சொல்கிறோம். "அப்பா மகனைப் போலவே இருக்கிறார்" என்று யாரும் எளிதில் சொல்வதில்லை. முகம் இரண்டும் அதேதான், ஆனால் பேச்சு ஒரு பக்கமாகத்தான் போகிறது. உளவியலாளர் ஏமஸ் ட்வெர்ஸ்கி 1977-ல் இதை ஆய்வாகவே காட்டினார்: வட கொரியா சீனாவைப் போல இருக்கிறது என்பதற்கு மக்கள் கொடுத்த மதிப்பு, சீனா வட கொரியாவைப் போல இருக்கிறது என்பதற்குக் கொடுத்ததைவிட அதிகம். தூரம் என்றால் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மனித மனத்தின் ஒப்புமை அப்படி இல்லை. தேடலும் அப்படி இல்லை: இரண்டு சொல் கேள்வியும் இருபது பக்க ஆவணமும் சமமான இரண்டு பொருள்கள் அல்ல.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு கட்டுரையில் "நெல்" என்ற சொல் 30 முறை வந்தால் அது நெல்லைப் பற்றியதாக இருக்கலாம் என்று நமக்கே தோன்றும். 1950-களின் பிற்பகுதியில் ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் இதைக் கணக்காக்கினார். ஒரு சொல் ஆவணத்தில் எவ்வளவு அடிக்கடி வருகிறதோ அவ்வளவு முக்கியம். ஆனால் எங்கும் நிறைந்திருக்கும் சொற்களையும் எப்போதோ ஒருமுறை வரும் சொற்களையும் விட்டுவிட வேண்டும் என்றார். சொற்களின் எண்ணிக்கையே ஆவணத்தின் அடையாளம் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது.

அதை வடிவியலாக வளர்த்தெடுத்தவர் கெரார்டு சால்டன். 1927-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்கில் பிறந்தவர். 1960-களில் ஹார்வர்டிலும் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்திலும் ஸ்மார்ட் என்ற தேடல் அமைப்பை உருவாக்கினார். எண்ணம் இதுதான். ஒவ்வொரு சொல்லும் ஒரு திசை. நெல் கிழக்கு, விலை வடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆவணத்தில் நெல் 3 முறையும் விலை 4 முறையும் வந்தால், கிழக்கே 3 அடி, வடக்கே 4 அடி போய் ஒரு புள்ளி வைக்கிறோம். தொடங்கிய இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஓர் அம்பு வரைந்தால் அதுதான் ஆவணத்தின் திசையன். சொற்கள் ஐம்பதாயிரம் என்றால் திசைகளும் ஐம்பதாயிரம். வரைந்து காட்ட முடியாதே தவிர கணக்கு மாறாது.

இந்த 3, 4 ஆவணத்தை முதல் ஆவணம் என்போம். அம்பின் நீளம் 5. இரண்டாவது, அதே செய்தியை இரு மடங்கு விரிவாக எழுதியது: நெல் 6, விலை 8, நீளம் 10. மூன்றாவது தங்கத்தைப் பற்றிய ஒரு துணுக்கு: நெல் 0, விலை 1. (தங்கம் என்ற திசையை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.) அளவுகோல் வைத்து அளந்தால் முதல் புள்ளிக்கும் இரண்டாவதுக்கும் தூரம் 5. முதலுக்கும் தங்கத் துணுக்குக்கும் 4.24. நெல் விலைக் கட்டுரைக்குத் தங்கத் துணுக்குதான் பக்கம் என்று ஆகிவிடுகிறது. நீளமாக எழுதியதற்காக ஒரு நல்ல கட்டுரை தூரத்தில் தள்ளப்பட்டது.

அதனால்தான் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை விட்டுவிட்டு, அம்புகளுக்கு இடையிலான கோணத்தைப் பார்க்கிறார்கள். அந்தக் கோணத்தின் கோசைன்தான் ஒப்புமை. நெல்லோடு நெல்லையும் விலையோடு விலையையும் பெருக்கிக் கூட்டி, இரண்டு நீளங்களின் பெருக்கலால் வகுக்க வேண்டும். முதலுக்கும் இரண்டாவதுக்கும்: 18 + 32 = 50; அதை 5 × 10-ஆல் வகுத்தால் 1. ஒரே திசை, முழு ஒப்புமை. முதலுக்கும் தங்கத் துணுக்குக்கும்: 4-ஐ 5-ஆல் வகுத்து 0.8. இப்போது வரிசை சரியாகிவிட்டது. "நெல் விலை" என்று தேடுபவரின் கேள்வியும் ஓர் அம்புதான்: கிழக்கே 1, வடக்கே 1. முதல் ஆவணத்தோடு அதன் கோசைன் 0.99, தங்கத் துணுக்கோடு 0.71. பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தினால் தேடல் முடிவு தயார். பள்ளியில் முக்கோணத்துக்குப் படித்த கோசைன் இவ்வளவு தூரம் வந்து நிற்பதை மாணவர்களிடம் காட்டினால் கணக்கு வகுப்பின் மேல் இருக்கும் கோபம் கொஞ்சமாவது குறையும்.

இந்தத் திசையன் மாதிரியைப் பேசும் ஆய்வுகளில் நெடுங்காலமாக ஒரு வினோதம் இருந்தது. சால்டன் 1975-ல் எழுதியதாக ஒரு கட்டுரையைப் பலரும் மேற்கோள் காட்டிவந்தார்கள். அப்படி ஒரு கட்டுரையே இல்லை என்று 2004-ல் டேவிட் டூபின் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் சால்டன், வாங், யாங் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று நிஜமாகவே உண்டு. ஆனால் அது பேசுவது வேறு: எந்தச் சொற்களைத் தேர்ந்தால் ஆவணங்கள் ஒன்றைவிட்டு ஒன்று நன்றாக விலகி நிற்கும் என்பதே அதன் கேள்வி. ஒரு சொல்லை நீக்கிப் பாருங்கள். ஆவணங்கள் எல்லாம் ஒன்றையொன்று நெருங்கிவிட்டால் அது நல்ல சொல், இதுவரை அவற்றைப் பிரித்துவைத்திருந்தது. நீக்கியபின் விலகிப்போனால் அது வேண்டாத சொல். ஒப்புமையை அளக்கும் முறையைவிட, வேறுபாட்டைக் காட்டும் சொல் எது என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. எனக்கும் அதுதான் சரியான கேள்வி என்று படுகிறது.

அந்தக் கேள்விக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அழகான விடை வந்திருந்தது. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ், கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தவர், கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு மொழிக் கணினி ஆய்வுக்கு வந்தவர். 1972-ல் அவர் சொன்னது இது: ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்று பாருங்கள். எல்லாவற்றிலும் வரும் சொல்லால் எதையும் பிரித்தறிய முடியாது. அரிதான சொல்லுக்கு எடை கொடுங்கள். நூலகத்தில் 1,024 ஆவணங்கள் என்று வைத்துக்கொள்வோம். "ஒரு" என்ற சொல் 1,024-லும் இருக்கிறது. "விலை" 512-ல். "நெல்" 64-ல். "கிச்சிலிச்சம்பா" 2-ல். மொத்தத்தை இந்த எண்ணால் வகுத்து, 2-ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுத்தால் எடைகள் முறையே 0, 1, 4, 9. "ஒரு" தானாகவே மறைந்துவிடுகிறது. அதைத் தனியாகத் தடைசெய்ய ஒரு பட்டியல்கூட வேண்டாம். கிச்சிலிச்சம்பா என்று ஒருவர் தட்டினால் அந்த இரண்டு ஆவணங்கள் மேலே வந்து நிற்கும்.

ஸ்பார்க் ஜோன்ஸ் இதற்குப் பெரிய கோட்பாட்டு நிரூபணம் எதையும் தரவில்லை. சோதித்துப் பார்த்தார், வேலை செய்தது. ஏன் வேலை செய்கிறது என்று விளக்கப் பின்னாளில் பலர் பல வழிகளில் முயன்றார்கள். ஆவணத்துக்குள் எத்தனை முறை என்பதையும், மொத்தத்தில் எவ்வளவு அரிது என்பதையும் பெருக்கிக் கிடைக்கும் எடை 50 ஆண்டுகள் கழித்தும் புழக்கத்தில் இருக்கிறது.

கோசைனிடம் ஒரு குறை இருந்தது, அது தெரியவர நாளாயிற்று. நீளத்தால் வகுப்பதால் நீண்ட ஆவணத்துக்கு அநியாயமான சலுகை போய்விடும், அது சரி. ஆனால் வகுத்தல் அளவுக்கு மீறிப் போய்விட்டது. 1996-ல் கார்னெலில் அமித் சிங்கால், கிறிஸ் பக்லி, மந்தார் மித்ரா மூவரும் எளிய சோதனை ஒன்று செய்தார்கள். ஆவணங்களை நீளப்படி அடுக்கி, ஒவ்வொரு நீளத்திலும் உண்மையில் பொருத்தமானவை எவ்வளவு, கோசைன் எடுத்துத் தருபவை எவ்வளவு என்று இரண்டு கோடுகளை வரைந்தார்கள். குட்டி ஆவணங்களை கோசைன் தேவைக்கு மேல் தூக்கிவிட்டது, நீண்டவற்றை அமுக்கிவிட்டது. இரண்டு கோடும் வெட்டும் இடத்தை அச்சாக வைத்துச் சாய்வைத் திருப்பிச் சரிசெய்தார்கள். இதே சிங்கால் பிறகு கூகுளுக்குப் போய்ப் பல ஆண்டுகள் அதன் தேடல் பிரிவை நடத்தினார்.

அதே காலத்தில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சனும் கூட்டாளிகளும் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். அவர்கள் கோணம் எதையும் அளக்கவில்லை. "இந்த ஆவணம் இந்தக் கேள்விக்குப் பொருத்தமாக இருப்பதற்கான வாய்ப்பு என்ன?" என்று தொடங்கினார்கள். அவர்களுடைய ஓகாபி என்ற அமைப்பு 1994-ல் பயன்படுத்திய சூத்திரம்தான் பிஎம்25. பிஎம்11, பிஎம்15 என்று முன்பு முயன்ற இரண்டையும் இணைத்தது அது. அதில் எனக்குப் பிடித்த பகுதி, திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அது வைத்திருக்கும் எல்லை. சூத்திரத்தின் வழக்கமான அளவுருக்களோடு, சராசரி நீளமுள்ள ஆவணத்தில் ஒரு சொல் 1 முறை வந்தால் 1 மதிப்பெண். 2 முறைக்கு 1.375. 10 முறைக்கு 1.96. 100 முறை எழுதினாலும் 2.17 தான். 2.2-ஐ எப்போதும் தாண்டாது. ஒருவர் பேச்சில் நெல் என்று ஒருமுறை சொன்னால் செய்தி; நூறாவது முறை சொல்லும்போது புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. அந்த அனுபவம் சூத்திரத்துக்குள் இருக்கிறது. ஆவணம் சராசரியைப் போல இரு மடங்கு நீளமாக இருந்தால் அந்த முதல் 1 மதிப்பெண் 0.71 ஆகக் குறையும். நீளத்துக்குத் தண்டனை உண்டு, ஆனால் முழுத் தண்டனை இல்லை. பல தளங்களின் தேடல் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் லூசீன் என்ற திறமூல நிரல்தொகுப்பு 2016-ல் தன் இயல்பான ஒப்புமை முறையை மாற்றி பிஎம்25-ஐ எடுத்துக்கொண்டது.

இவற்றில் எது நல்லது என்று எப்படி முடிவுசெய்தார்கள்? அது சூத்திரங்களைவிட முக்கியமான கதை. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் இருந்த வானூர்திக் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன். 1960-களில் அவர் 1,400 வானூர்தியியல் ஆய்வுக் கட்டுரைகளைச் சேகரித்தார். ஆய்வு எழுதியவர்களிடமே போய், "எந்தக் கேள்வியை மனத்தில் வைத்து இதைத் தொடங்கினீர்கள்?" என்று கேட்டு 200-க்கும் மேற்பட்ட கேள்விகளை வாங்கினார். எந்தக் கட்டுரை எந்தக் கேள்விக்கு உதவும் என்று மனிதர்கள் படித்துக் குறித்தார்கள். அப்புறம்தான் ஒவ்வொரு முறையையும் அந்தக் குறிப்புகளோடு ஒப்பிட்டார்கள். நூலகவியலாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனமாகக் கட்டிய பொருள்தலைப்பு முறைகளைவிட, கட்டுரையில் இருக்கும் சாதாரணச் சொற்களே நன்றாக வேலை செய்தன என்பது பலரால் ஏற்கவே முடியாத முடிவாக இருந்தது. அந்த முடிவைவிட எனக்கு அந்த வழிமுறைதான் பெரிது. ஒப்புமை எண் எதுவானாலும் அதற்கு வெளியே நின்று, "இது எனக்கு உதவியது" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

இப்போது மரத்துக்குத் திரும்பலாம். கோசைனாகட்டும் பிஎம்25 ஆகட்டும், அவற்றின் கண்ணில் "மரம்" ஒரு திசை, "மரத்தில்" இன்னொரு திசை. இரண்டுக்கும் இடையே 90 பாகை. கோசைன் 0. "மரம்" என்ற சொல்லுக்கு "மரத்தில்" எவ்வளவு அந்நியமோ, "ரயில்" அவ்வளவு அந்நியம். ஆங்கிலத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஒருமை, பன்மை என்று இரண்டு மூன்று வடிவங்கள்தான். தமிழில் மரம் அத்துச் சாரியை பெற்று மரத்தில், மரத்தை, மரத்துக்கு, மரத்தின் என்றெல்லாம் போகும். மரங்களில், மரங்களையும், மரத்திலிருந்துதான் என்று அடுக்கிக்கொண்டே வளரும். ஆறு ஆற்றில் ஆகும், வீடு வீட்டுக்குள் ஆகும். நெல் பயிரோடு சேர்ந்தால் நெற்பயிர். ல் என்ற எழுத்தே காணாமல் போய்விடுகிறது.

இதனால் தேடல் சில ஆவணங்களைத் தவறவிடும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். சேதம் அதைவிட ஆழம். முன்பு 64 ஆவணங்களில் வந்த நெல்லுக்கு எடை 4 என்று பார்த்தோம். அந்த 64-ம் நெல், நெல்லை, நெல்லுக்கு, நெல்லின், நெற்பயிர் என்று 8 வடிவங்களாகச் சிதறி, வடிவத்துக்கு 8 ஆவணம் என்று பிரிந்துவிட்டதாக வையுங்கள். ஒவ்வொரு வடிவமும் 1,024-ல் 8-ல்தான் வருகிறது. எடை 7 ஆகிவிடும். சாதாரணச் சொல் அரிய சொல்லின் வேடம் போட்டுக்கொள்கிறது. அதே நேரம், ஓர் ஆவணத்துக்குள் 8 முறை வந்த நெல் எட்டுத் தனிச் சொற்களாக ஒவ்வொரு முறைதான் எண்ணப்படுகிறது. எடையும் தவறு, எண்ணிக்கையும் தவறு. ஸ்பார்க் ஜோன்ஸின் சூத்திரம் குற்றமற்றது. அதற்கு நாம் ஊட்டிய எண்கள்தான் உடைந்தவை. வெளியிலிருந்து சூத்திரத்தை எவ்வளவு திருகினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இன்னும் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தை, எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கணினியில் சேமிக்கும் யூனிகோடு முறையில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சுப்பிசகாமல் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு. "கொடி" என்று ஒருவர் ஒரு விதமாகச் சேமித்திருக்க, இன்னொருவர் மறு விதமாகத் தேடினால், சேமித்ததையும் தேடுவதையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத நிரலில் ஒப்புமை பூச்சியம். ஔவையாரின் ஔ-வை ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டுபவர்களும் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. முன்னதைச் சீர்செய்ய யூனிகோடே விதி வைத்திருக்கிறது. பின்னதை அதுகூடத் தொடாது, நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

சொற்களெல்லாம் ஒன்றுக்கொன்று செங்குத்து என்ற அனுமானத்தை உடைக்கப் பெரிய முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1990-ல் சூசன் டுமே உள்ளிட்ட ஐவர், ஆயிரக்கணக்கான சொல் திசைகளைச் சுமார் நூறு மறை திசைகளாகச் சுருக்கிக் காட்டினார்கள். "பிரசவம்" என்ற சொல்லும் "மகப்பேறு" என்ற சொல்லும் ஒரே கட்டுரையில் சேர்ந்து வராவிட்டாலும், இரண்டும் மருத்துவமனை, தாய், குழந்தை, தையல் என்று அதே சொற்களின் பக்கத்தில் வருவதால் சுருக்கும்போது அருகருகே வந்துவிடும். சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்து அறியலாம் என்று மொழியியலாளர் ஃபெர்த் 1957-லேயே சொன்னதுதான். 2013-ல் கூகுளில் தோமாஷ் மிகோலோவ் குழு வெளியிட்ட வேர்ட்டூவெக் இதைப் பெரும் அளவுக்குக் கொண்டுபோனது. இன்றைய மொழி மாதிரிகளின் எம்பெடிங்குகள், அதாவது சொல்லையும் வாக்கியத்தையும் எண்களாகக் குறிக்கும் அம்புகள், எல்லாம் அந்த வழியில் வந்தவை. அங்கேயும் கடைசியில் இரண்டு அம்புகளின் கோசைனைத்தான் பார்க்கிறார்கள்.

கூட்டாளிகளை மட்டும் பார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு. "விலை ஏறியது", "விலை இறங்கியது" இரண்டின் கூட்டாளிகளும் ஒன்றே: சந்தை, மூட்டை, நேற்று, ரூபாய். எனவே எதிர்ச்சொற்கள் வெகு அருகில் அமர்ந்துவிடுகின்றன. கொள்முதல் நிலையத்தில் நிற்கும் விவசாயிக்கு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாழ்க்கையே இருக்கிறது. இன்னொன்றை 2024-ல் நெட்ஃப்ளிக்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்: சில எளிய மாதிரிகளில், பயிற்சியின் விடை கொஞ்சமும் மாறாமலே திசைகளை இஷ்டத்துக்கு நீட்டவோ சுருக்கவோ முடியும், நீட்டினால் கோசைன் மட்டும் மாறிவிடும். அப்படியானால் அந்தக் கோசைன் எதைச் சொல்கிறது? சால்டனின் வெளியில் கிழக்கு என்றால் நெல் என்று நமக்குத் தெரியும். இங்கே கிழக்குக்கு என்ன பொருள் என்று கேட்க ஆளில்லை. 0.87 என்று ஓர் எண் வந்து நிற்கும்போது, அதை 87 சதவீத ஒற்றுமை என்று படித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன்.

தமிழுக்கு நேரடியாக உதவியது வேறொன்று: நாம் தொடக்கத்தில் செய்த துண்டு போடும் வேலை. ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் ஃபாஸ்ட்டெக்ஸ்ட், ஒரு சொல்லின் திசையனை அதன் எழுத்துத் துண்டுகளின் திசையன்களைக் கூட்டி உண்டாக்குகிறது. 157 மொழிகளுக்கு அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் தமிழும் இருக்கிறது. துண்டுகளோடு கூட்டாளிகளையும் சேர்த்துப் பார்ப்பதால், மரபை மரத்தோடு குழப்பிக்கொள்ளும் ஆபத்து குறைகிறது. ஆனாலும் அது வெட்டுவது நம் எழுத்துக்களை அல்ல, யூனிகோடு குறிகளை. மரத்தில் என்பது நமக்கு 5 எழுத்து. குறிகளாக எண்ணினால் 8. த-வையும் அதன் புள்ளியையும் நடுவில் அறுத்து, தனிப் புள்ளியில் தொடங்கும் துண்டெல்லாம் அங்கே உண்டு. உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணும் நம் இலக்கணத்தின்படி துண்டு போடுவது பெரிய வேலை இல்லை, சில வரி நிரல்தான். விகுதிகளை நீக்கித் தரும் நிரல் ஸ்னோபால் என்ற திறமூல நிரல்தொகுப்பில் தமிழுக்கும் இருக்கிறது. இரண்டையும் பயன்படுத்தலாம், ஒன்றின் பிழையை மற்றது ஓரளவு தாங்கும்.

எது சிறந்தது என்பதை கிளெவர்டன் வழியில்தான் தீர்க்க வேண்டும். இந்திய மொழிகளுக்காக 2008-ல் தொடங்கிய ஃபயர் என்ற மதிப்பீட்டு முயற்சியில் தமிழும் இடம்பெற்றிருக்கிறது. அவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாத ஒரு சிறு நூலகமோ இதழின் இணையதளமோகூட, வாசகர்கள் நிஜமாகத் தட்டிய 50 தேடல்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய பக்கங்களை இருவர் உட்கார்ந்து குறித்துவைக்கலாம். ஒரு வார இறுதியில் முடியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த 50-ல் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். என் பட்டியலில் முதல் தேடல் எப்போதும் "நெல்" தான். நெற்பயிர் என்று மட்டும் எழுதியிருக்கும் பக்கம் அதில் வருகிறதா என்று முதலில் பார்ப்பேன்.